தண்டல் பொன்னுரங்கம் கடலில் காணாமல் போன விவரம்

ஆறு சக்கரமும் ஒரு ஹாரனும் உள்ள படகைப் பதிவு செய்த ஆபீஸ் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ராயபுரத்தில், ரயில்வே கூட்ஸ் ஷெட்டைப் பார்த்தபடி, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. தையல் படகு ஒழுங்குமுறை அலுவலகம் என்று பெயர். நான் அதில் துடுப்புக் குமாஸ்தா. பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை. பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

தையல் படகு என்றால் பலகையோடு பலகையை ஆணி அடித்துச் சேர்க்காமல், ஓரங்களில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்த படகு. ஆணி அடித்த படகு நம் கரை அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்தது வளைந்து கொடுக்கும். வளைந்து கொடுக்கும் ஒரு பொருளை ஒழுங்குபடுத்தத்தான் நாங்கள் பதினான்கு பேர்.

பதினோரு வருஷமாக எங்களிடம் ஒரு படகும் வரவில்லை. குப்பத்து ஆட்கள் படகு கட்டினார்கள், கடலுக்குப் போனார்கள், மீனோடு திரும்பினார்கள். எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. கடல் தெரிகிற ஜன்னலால் வேலை கெடுகிறது என்று முந்தைய கண்காணிப்பாளர் அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டிருந்தார். இப்படி நிம்மதியாக இருந்தபோது, 1951 ஜனவரியில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒரு புதிய படகாவது பதிவாகாவிட்டால் அலுவலகம் மூடப்படும்.

இது எங்கள் கஷ்டம். பொன்னுரங்கத்தின் கஷ்டம் வேறு.

பொன்னுரங்கம் திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன். கடலுக்குப் போகாமல், ஒரு கப்பல் கம்பெனிப் பட்டறையில் பாரம் தூக்கும் வின்ச்சு ஓட்டினான். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலி செய்துகொண்டு ஓடியதல்லவா, அப்போது அவனைப் பட்டறை விடவில்லை. அவன் மனைவி கோவிந்தம்மாவும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு முத்தம்மா சித்தூருக்கு ஓடினாள். ஓடினவள் திரும்பி வந்து, ஒன்பது வருஷமாகச் சித்தூர் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு மல ஒசரம்னா எனக்கு அத்தவுட ஒசரம் வோணும்யா. மேல பனி கொட்டிகினு கீற மல. ஒம்போது வருசம் காத்துகினு கீறேன், சும்மா பல்லாவரத்துல குன்று காட்டி ஏமாத்தினே, அப்பால தெரியும் சேதி" என்றாள் கோவிந்தம்மா.

பொன்னுரங்கம் பத்தொன்பது வருஷமாக லீவே எடுக்காதவன். பட்டறையில் அப்படிப்பட்டவர்களுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை நாற்பது நாள் கொடுப்பார்கள். நாற்பத்தோராம் நாள் காலை வின்ச்சு முன்னால் நிற்காவிட்டால் வேலை போய்விடும். அவன் பிப்ரவரி இருபத்தொன்றிலிருந்து ஏப்ரல் ஒன்று வரை எழுதிக் கொடுத்துவிட்டு, ராணுவம் ஏலம் விட்ட ஒரு பழைய லாரியை எடுத்தான். இன்ஜின் நன்றாக இருந்தது. டிரைவர் உட்காரும் இடம் இருந்தது. அதற்குப் பின்னால் வெறும் சட்டம்தான். மீதி உடம்பை லாரி பர்மாவில் விட்டுவிட்டு வந்திருந்தது.

அந்தச் சட்டத்தின் மேல் படுக்க, சமைக்க, மழைக்கு ஒதுங்க ஒரு கூண்டு வேண்டும். கோவிந்தம்மாவின் தம்பி ரகுபதி படகு கட்டுகிறவன். அவனிடம் போனார்கள்.

"மச்சான், இதும் மேல ஒரு வூடு கட்டித் தா."

"வூடு எனக்கு வராது மாமு. படகு வரும். உள்ளார படுத்துக்கினா அதுவே வூடுதான்."

பதினெட்டு அடி நீளத்தில், இரண்டு முனையும் கூராக, ஒரு ஆணிகூட இல்லாமல் தைத்துக் கொடுத்தான். மேலே தார்ப்பாய்க் கூரை. உள்ளே இரும்பு அடுப்பு, பாத்திரம் மாட்டக் கொக்கி, ஒரு கயிற்றுக் கட்டில். கதவு மட்டும் இல்லை.

"எப்படிடா உள்ள போறது?" என்றாள் அக்கா.

"படகுக்கு எவன் கதவு வெப்பான்? எகிறிக் குதி."

லாரிச் சட்டத்தோடு அதை போல்ட் போட்டு முடுக்கச் சொன்னபோது ரகுபதிக்குக் கோபமே வந்துவிட்டது. "அடிப்பலகையில ஓட்ட போடச் சொல்றியா? என் கையாலயா? நல்லாக் கீதே உன் நாயம்!" என்று சொல்லி, எட்டு இடத்தில் கயிறு போட்டுச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினான். போகும்போது ஒன்று சொன்னான். "தெனம் ரெண்டு கொடம் தண்ணி ஊத்து மாமு. காஞ்சா தையல் வுட்டுக்கும்."

லீவின் முதல் நாள் காலை, பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றிக்கொண்டு, மூன்று பேரும் மோட்டார் இன்ஸ்பெக்டர் சௌக்கத் அலியிடம் போனார்கள். அவர் கையெழுத்துப் போட்டால் அப்படியே வடக்கே கிளம்பிவிடலாம் என்பது ஏற்பாடு.

சௌக்கத் அலி நல்ல மனிதர். பிரேக்கை மிதித்துப் பார்த்தார், ஹாரனை அடித்துப் பார்த்தார், திருப்தியானார். ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"கூண்டுல ஆணி, போல்ட், நட்டு எத்தினின்னு கேட்டுக் கீது. எத்தினிப்பா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லன்னு எழுத முடியாது. எழுதினா நான் எண்ணாம வுட்டுட்டேன்னு மேல நெனச்சுக்குவாங்க."

"நாலு ஆணி அடிச்சிடட்டா சார்?"

"அடிப்பே நீ!" என்றான் ரகுபதி. "அக்கா புருசன்னு பாக்க மாட்டேன்."

சௌக்கத் அலி பேனாவை மூடினார். "கயித்துல தெச்சதுக்குன்னே ராயபுரத்துல ஒரு ஆபீஸ் கீது. 'இது எங்களுக்குச் சம்பந்தமில்லை'ன்னு ஒரே ஒரு வரி வாங்கியாந்துடு. நான் போட்டுடறேன். அஞ்சு நிமிச வேலை."

இப்படித்தான் பொன்னுரங்கம் எங்கள் மாடிப்படி ஏறினான்.

படியில் காலடிச் சத்தம் கேட்டதும் பதினான்கு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். எங்கள் படியில் வெளியாள் ஏறிப் பல வருஷம் ஆகியிருந்தது. கண்காணிப்பாளர் தேவப்பிரியம் கோட்டை மாட்டிக்கொண்டார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடலில் கால் நனைத்ததே இல்லை. நனைத்தால் கடலுக்குச் சாதகமாக நடந்துகொள்ளத் தோன்றும் என்பார்.

"சம்பந்தமில்லையா?" என்றார் அவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு. "யார் சொன்னது சம்பந்தமில்லை என்று?"

"சார், அது லாரி சார்."

"லாரி என்று நீர் சொல்கிறீர். தையல் என்ன சொல்கிறது?"

தையல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தோம். எங்கள் தலைமைக் குமாஸ்தா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஓடிப்போய் மாலை வாங்கி வந்து ஹாரனுக்குப் போட்டார்கள். அன்று மாலையே ஒன்பதாம் நம்பர்ப் படிவத்தை எடுத்துத் தூசி தட்டினோம்.

படிவத்தில் நாற்பத்தாறு கட்டங்கள். கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பவை, சிப்பி, பாசி முதலியன, என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஆறு சக்கரங்கள்' என்று நிரப்பினோம். அப்படி ஒட்டியிருப்பவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுரண்டி எடுக்க வேண்டும் என்பது விதி. பொன்னுரங்கத்திடம் எழுத்து மூலம் தெரிவித்தோம்.

தண்ணீர் எந்த மட்டம் வரை வரும் என்பதற்குக் கோடு போட வேண்டும். லாரி தெருவில் நின்றது. தெருவில் தண்ணீர் இல்லை. கோவிந்தம்மாவைக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சக்கரத்தைச் சுற்றி ஊற்றச் சொன்னோம். ஆறு நாள் ஊற்றினாள். மண் குடித்துக்கொண்டே இருந்தது.

ஏழாம் நாள் அவள் குடத்தைத் தேவப்பிரியத்தின் காலடியில் வைத்தாள். "இன்னா நைனா, நீ ஆபீசரா, இல்ல செடியா? ஊத்தினா மொளப்பியா?"

"அம்மா, விதி."

"விதிதான் எனுக்கு. வேற இன்னா!"

கடைசியில், போன மழைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று டீக்கடைக்காரரை விசாரித்து, அந்த உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம்.

அடுத்தது தண்டல் பரீட்சை. படகின் தலைவனைத் தண்டல் என்பார்கள். சொந்தக்காரனே தண்டலாக இருக்க வேண்டும், அவனுக்கு வாய்மொழிப் பரீட்சை உண்டு. தேவப்பிரியம் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கலம் கரையை விட்டுப் புறப்படும்போது தண்டல் எந்தக் காலை முதலில் வைப்பான்?"

"எடது காலு சார்."

"எதன் மேல்?"

"கிளச்சு மேல."

புத்தகத்தில் இடது கால் என்றுதான் இருந்தது. சரி போட்டார்.

"எதிரே பெரிய அலை வந்தால்?"

"ஹாரன் அடிப்பேன்."

"அலை ஒதுங்காவிட்டால்?"

பொன்னுரங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டான். "எறங்கிச் சண்ட போடுவேன் சார்."

கடற்பயணத்தில் தைரியத்துக்கு என்று பத்து மதிப்பெண் தனியாக இருந்தது. அதை முழுவதும் கொடுத்தார். பரீட்சை முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. பரீட்சைக்கு வந்தவன் ஒருவனே என்றாலும், முதலிடம் யாருக்கு என்று குழு கூடித் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

நான் என் பங்குக்கு எட்டுத் துடுப்பு கேட்டேன். என் பதவியில் நான் வேறென்ன கேட்பது? ரகுபதி முனகிக்கொண்டே செதுக்கிக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றையும் அளந்து, நம்பர் எழுதி, மறுபடி அளந்தேன். நம்பர் எழுதினால் துடுப்பு நீளுமா என்று கேட்டான். எழுதின பிறகு அளக்காமல் எப்படிச் சொல்வது என்றேன்.

மார்ச் இருபதாம் தேதி பொன்னுரங்கம் தேவப்பிரியத்தின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். முகத்தில் தாடி வந்திருந்தது.

"சார், ஒரு வரி எழுதிக் குடுத்துடு சார். வூட்டுல அது மூஞ்சி குடுத்துப் பேசல. எனக்கு இன்னம் பதிமூணு நாள்தான் கீது."

தேவப்பிரியம் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "எங்களுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. உம்மைவிட ஒரு நாள் குறைவு. எங்களை நினைத்துப் பாரும்."

பொன்னுரங்கம் எங்களை நினைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

மிச்சம் இருந்தது அலைச் சோதனை. கண்காணிப்பாளர் ஏறியிருக்க, படகு மூன்று முறை கரை அலையைத் தாண்டி மீள வேண்டும். முகூர்த்தம், ஒலிபெருக்கி, குடை, சோடா எல்லாம் ஏற்பாடாகிச் சோதனை நடந்த நாள் மார்ச் முப்பத்தொன்று. பொன்னுரங்கத்தின் கையில் அன்றைய பொழுதும் அதற்கு மேல் ஒரு நாளும் இருந்தன. ஒரு நாளில் பனிமலைக்குப் போய் வர முடியாது. மீஞ்சூருக்குப் போய் வரலாம். மீஞ்சூரில் மலை இல்லை.

திருவொற்றியூர்க் கடற்கரையில் குப்பமே கூடியிருந்தது. தேவப்பிரியம் ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

"பெரியோர்களே! கடந்த பதினோரு ஆண்டுகளில் எங்கள் அலுவலகம் உரிமம் வழங்கிய படகுகளில் ஒன்றுகூட மூழ்கியதில்லை. காரணம், நாங்கள் எதற்கும் உரிமம் வழங்கவில்லை. பாதுகாப்புக்கு இதைவிடச் சிறந்த வழி எந்த நாட்டிலும் கண்டுபிடிக்கப்படவில்லை. இன்று முதல் எங்களிடம் ஒரு படகு இருக்கும், பதினான்கு ஊழியர்கள் இருப்பார்கள். ஒரு படகுக்குப் பதினான்கு பேர்! சீமையில்கூட இந்தக் கவனிப்பு கிடையாது. உரிமம் இல்லாமலே நாங்கள் தினமும் கடலுக்குப் போய் வருகிறோமே என்று உங்களில் சிலர் கேட்கலாம். நீங்கள் போகிறீர்கள். ஆனால் எங்கள் பதிவேட்டின்படி நீங்கள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள். இந்த நாட்டில் மீன் பிடிப்பவர்கள் யாருமே இல்லை. அப்படியும் மீன் கிடைக்கிறது என்றால், அது இந்த நிர்வாகத்தின் திறமை!"

எங்கள் தலைமைக் குமாஸ்தா கைதட்டினார். பிறகு நாங்களும் தட்டினோம்.

துடுப்புப் போட எட்டுப் பேர் வேண்டும். குப்பத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லை. வீட்டில் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறதே, எப்படி வருவது என்று ஒருவர் கேட்டார். ஆகவே நாங்கள் பதினான்கு பேருமே ஏறினோம். கதவு இல்லாததால் ஏணி வைத்து, பதவி வரிசைப்படி. கோவிந்தம்மா அதற்கு முன்பே உள்ளே குதித்து, அடுப்பு, கட்டில், சட்டி பானை, கூரைத் தார்ப்பாய் வரை எல்லாவற்றையும் கீழே வீசியிருந்தாள். "என் சாமான எறக்கிக்கிறேன். அப்பால நீங்க முழுவுங்க, எந்திரிங்க, உங்க இஸ்டம்." எல்லாவற்றையும் டிரைவர் இடத்தில் திணித்து, தானும் பொன்னுரங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தண்டல் சுக்கானைப் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. பொன்னுரங்கம் ஸ்டீரிங்கைப் பிடித்தான். லாரியைப் பின்பக்கமாகவே மெல்ல அலைக்குள் இறக்கினான். பின்சக்கரங்கள் மூழ்கின. படகின் அடியில் தண்ணீர் தொட்டது. தேவப்பிரியம் நடுவில் குடையோடு நின்று விதிப்புத்தகத்தைப் பிரித்தார்.

"பதினேழாம் விதி. சோதனையின்போது கலம் கரையிலுள்ள எந்தப் பொருளோடும் பிணைக்கப்பட்டிருக்கக் கூடாது. லாரியின் முன்சக்கரம் கரையில் இருக்கிறது. கயிறுகளை அவிழும்."

கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த ரகுபதி அண்ணாந்து பார்த்தான். "சார், அத அவுத்தா..."

"விதி."

"இல்ல சார், அவுத்தேன்னு வெச்சுக்க..."

"அவிழ்க்கப் போகிறீரா, மேலே எழுதட்டுமா?"

"அவுக்கறேன்."

எட்டுக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டு அவனும் உள்ளே ஏறிக்கொண்டான். பொன்னுரங்கம் இன்ஜினை முறுக்கி லாரியை ஒரு முழம் முன்னே இழுத்தான். ஒரு அலை வந்தது. படகு அப்படியே எழும்பிற்று.

எவ்வளவு அழகாக மிதந்தது தெரியுமா! ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நாங்கள் கைதட்டினோம். கைதட்டி முடித்துப் பார்த்தபோது கரை தூரத்தில் இருந்தது.

அந்த மாதத்தில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். துடுப்புப் போட்டோம். மேல்நிலைக் குமாஸ்தா போடும் வேகத்தில் கீழ்நிலைக் குமாஸ்தா போடுவது மரியாதையில்லை என்பதால் இடது பக்கம் வேகமாகவும் வலது பக்கம் மெதுவாகவும் போயிற்று. படகு சுற்றியது. குடை பறந்தது. தேவப்பிரியத்தின் ஆபீஸ் பாஷையும் அதோடு போய்விட்டது.

"ஏ அய்யா! என்னைய எறக்கி வுடுங்கய்யா! எங்க ஆத்தாவுக்கு நான் ஒத்தப் புள்ளைய்யா! ஏலே ரகுபதி, துடுப்பப் புடிலே!"

"படகு கட்டினவன் சோதன அப்ப துடுப்பத் தொடக் கூடாதுன்னு உன் பொஸ்தவத்துல கீதே சார். நீதான படிச்சுக் காட்டினே?" என்று சொல்லிவிட்டு ரகுபதி காலை நீட்டிப் படுத்துக்கொண்டான்.

கரையில் நடந்ததைக் கோவிந்தம்மா பிற்பாடு சொன்னாள். படகு போன பிறகு பொன்னுரங்கம் ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டானாம். "போச்சு. கூண்டும் போச்சு, லீவும் போச்சு. நாளான்னைக்கு வின்ச்சாண்ட போய் நிக்கணும்."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வெறும் சட்டம். அதில் ஈரமாக, வெயிலில் மின்னிக்கொண்டு, நட்டும் போல்ட்டும்.

"ஏன்யா, இத்த எண்ணலாமில்ல?"

நேராக சௌக்கத் அலியிடம் போனார்கள். அவர் சுற்றிச் சுற்றி வந்து எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. அந்தக் கட்டத்தில் எழுதும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியாம். கையெழுத்துப் போட்டார். நாலு மூங்கிலை ஊன்றித் தார்ப்பாயைக் கட்டி, கட்டிலைப் போட்டு, மூட்டையைத் தூக்கி வைத்து, சாயங்காலத்துக்குள் இருவரும் வடக்கே பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.

"ஒரு நாள்ல எம்மாம் தூரம்டீ போறது?" என்றானாம்.

"போய்கினே இரு. மல வந்தா சொல்லு" என்றாளாம்.

நாங்கள் எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தபோது மத்தியானம். கரை பத்தடியில் இருந்தது. ஆனால் புறப்பட்ட இடத்திலேயே கரையேற வேண்டும் என்பது விதியாதலால் யாரும் இறங்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் நேரம் முடிந்தது. சோதனையும் முடிந்ததாயிற்று; படகு சுற்றிய சுற்றுகளையே அலை தாண்டி மீண்ட மூன்று முறையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டோம். ரகுபதி எழுந்து, கொட்டாவி விட்டு, துடுப்பை எடுத்து இரண்டு தள்ளுத் தள்ளிக் கரையில் சேர்த்தான்.

ஈர வேட்டிகளோடு மணலில் உட்கார்ந்து அறிக்கை எழுதினோம். அன்றே எழுதியாக வேண்டும். புறப்பட்டபோது தண்டல்: இருந்தார். திரும்பியபோது தண்டல்: இல்லை. அதற்கு எதிரே படிவத்தில் அச்சடித்திருந்த வாசகம் ஒன்றே ஒன்று. 'கடலில் காணாமல் போனார்.' வேறு எழுத இடமில்லை.

"சார், மாமு லாரியில கீது சார். கரையில. நீயே பாத்தே" என்றான் ரகுபதி.

"பார்த்ததை எழுதக் கட்டம் எங்கே இருக்கிறது, காட்டும்" என்றார் தேவப்பிரியம். பாஷை திரும்பிவிட்டிருந்தது.

பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். படகு பதிவாயிற்று, ஆபீஸ் பிழைத்தது. நகல் ஒன்று பொன்னுரங்கத்தின் பட்டறைக்குப் போயிற்று. அங்கே லீவுக் குமாஸ்தா ஆசீர்வாதம் ஏப்ரல் இரண்டாம் தேதி காலை, ஆள் வரவில்லை என்று சீட்டைக் கிழிக்க எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். கடலில் காணாமல் போனவன் ஏழு வருஷம் வரைக்கும் உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை. வேலைக்கு வந்தவனும் இல்லை, வராதவனும் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு லீவு ஓடாது. அவன் இடத்தில் வேறு ஆளைப் போடவும் கூடாது. காணாமல் போன தேதி முப்பத்தொன்று. ஆகவே பொன்னுரங்கத்தின் கணக்கில் ஒரு நாள் லீவு அப்படியே மிச்சம் என்று எழுதி வைத்தார்.

எங்கள் ஆபீஸில் காணாமல் போனோர் பிரிவு என்று புதிதாக ஒன்று திறந்தார்கள். மூன்று பேர் அதிகமானோம். அந்தப் பிரிவின் முதல் வேலையாகப் பொன்னுரங்கம் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினோம். தாங்கள் காணாமல் போனதைத் தாங்களே நேரில் வந்து, ஒரு சாட்சியோடு உறுதிப்படுத்த வேண்டியது.

அக்டோபரில் ஒரு நாள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பொன்னுரங்கம். மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது. பின்னால் கோவிந்தம்மா, ராயபுரத்து வெயிலில், இரண்டு காலிலும் கம்பளி மேஜோடு. கழற்ற மாட்டேன் என்கிறாள் என்றான்.

"நோட்டீசு பாத்தேன் சார். தார்ப்பாய் மாத்த வந்தேன், அப்படியே முடிச்சுட்டுப் போய்டலாம்னு."

தேவப்பிரியம் அவனை உட்கார வைத்தார். "தண்டல் பொன்னுரங்கம் கடலில் காணாமல் போனது உண்மைதானா?"

"நெஜந்தான் சார்."

"சாட்சி?"

"நாந்தான்" என்றாள் கோவிந்தம்மா. "என் கண் எதிர்லதான் நைனா போனாரு. ஒரு கடுதாசி இல்ல, ஒண்ணு இல்ல."

பொன்னுரங்கம் கையெழுத்துப் போட்டான். அதைப் பழைய படிவத்தில் இருந்த கையெழுத்தோடு நான் ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. முத்திரை குத்தினோம். தேவப்பிரியம் டீ வரவழைத்துக் கொடுத்து, கீழே லாரி நிற்கும் இடம் வரை தாமே கூட வந்தார். பொன்னுரங்கம் இன்ஜினைக் கிளப்பியதும் ஜன்னல் ஓரமாகக் குனிந்து சொன்னார்.

"ஒருவேளை நீர் எங்காவது கிடைத்துவிட்டால், உடனே எங்களுக்கு ஒரு கார்டு போடும்."

"கண்டிப்பா சார். கெடைச்சா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்" என்றான் பொன்னுரங்கம், இடது காலைக் கிளச்சிலிருந்து எடுத்தபடி.